ஆறு வீட்டு ஆடு

தமிழ்நாட்டில் ஒரு கலைக் கல்லூரியில் பதினோரு வருடம் அமெரிக்க வரலாறு நடத்தினேன். முதுகலை முதலாண்டுப் பாடம். அமெரிக்காவை நான் பார்த்ததில்லை. அது ஒரு குறையாக யாருக்கும் படவில்லை, எனக்கும் படவில்லை. எனக்குப் பாடம் நடத்தியவர் கொடுத்த நோட்ஸைக் கொஞ்சம் மெருகேற்றி, மாணவர்களுக்குச் சொல்லச் சொல்ல எழுத வைப்பேன். அதில் இரண்டாவது அலகில் தொடக்ககால அமெரிக்க விவசாயக் குடும்பம் என்று ஒரு தலைப்பு. ஐந்து மதிப்பெண் கேள்வி. விடை இவ்வளவுதான்: அந்தக் குடும்பம் தன்னிறைவு பெற்றது. தனக்கு வேண்டிய உணவைத் தானே விளைவித்தது, துணியைத் தானே நெய்தது, சோப்பும் மெழுகுவர்த்தியும் தானே செய்துகொண்டது. உப்பும் இரும்பும் மட்டும் வெளியிலிருந்து வாங்கியது. யாரையும் சாராத இந்த வாழ்க்கையே அமெரிக்கத் தனிமனித உணர்வுக்கு அடித்தளம். கடைசி வரியை அடிக்கோடு போடச் சொல்வேன்.

அந்த வரி எனக்கு மிகவும் பிடித்திருந்தது. யார் வாசலிலும் போய் நிற்காமல் வாழ்வதுதான் கௌரவம் என்று நினைத்து வளர்ந்தவன் நான். காட்டை வெட்டி, வீடு கட்டி, வேலி போட்டு, யாருக்கும் தலைவணங்காமல் மனைவி மக்களோடு இருக்கும் அந்த விவசாயி ஏறக்குறைய நான் ஆக விரும்பிய ஆள். வகுப்பில் அவனைப் பற்றிப் பேசும்போது குரல் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கும். வருடத்துக்கு நாற்பது மாணவர்கள் அதை நம்பித் தேர்வில் எழுதினார்கள். நானே விடைத்தாள் திருத்தி ஐந்துக்கு நாலரை போட்டேன். அரை மதிப்பெண்ணைப் பிடித்தம் செய்யாவிட்டால் வாத்தியாருக்கு மதிப்பில்லை.

என் மனைவி நர்ஸ். அவளுக்கு ஆக்லாந்தில் வேலை கிடைத்தபோது அவளுடைய விசாவைப் பிடித்துக்கொண்டு நானும் வந்து சேர்ந்தேன். பாபகூராவில் வாடகை வீடு. இங்கே அமெரிக்க வரலாற்றுக்கு ஆள் தேவைப்படவில்லை. பாட்டனி டவுன்ஸில் வீடு கட்டும் சாமான் விற்கும் ஒரு பெரிய கடையில் பெயின்ட் பிரிவில் சேர்ந்தேன். சுவருக்கு வெள்ளை அடிக்க வேண்டும் என்று வருகிறவர்களிடம் எங்களிடம் உள்ள நாற்பது வெள்ளைகளைக் காட்டுவது என் வேலை. கோபம் வராமல் அதைச் செய்யப் பழக ஒரு வருடம் ஆனது.

பாபகூரா நூலகத்தில் கழித்துவிட்ட புத்தகங்களை வாசலில் ஒரு தள்ளுவண்டியில் போட்டு ஒரு டாலருக்கு விற்பார்கள். அங்கேதான் அந்தத் தடித்த புத்தகம் கிடைத்தது. தொடக்ககால அமெரிக்க விவசாயக் குடும்பங்கள் எழுதி வைத்த நாட்குறிப்புகளின் தொகுப்பு. பழைய காதலியின் கல்யாணப் படத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு ஆவலோடு வாங்கிவந்து, கடையின் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்து மதிய இடைவேளைகளில் படிக்கத் தொடங்கினேன்.

முதலில் சலிப்பாக இருந்தது. அந்த மனிதர்கள் சுதந்திரத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. மழை பெய்ததா, பனி விழுந்ததா, யார் வந்தார்கள், யார் போனார்கள், எதைக் கொண்டுபோனார்கள், எதைத் திருப்பித் தந்தார்கள். பக்கம் பக்கமாக இதுதான். எருது ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறது. சோப்புக் காய்ச்சும் பெரிய அண்டா போகிறது. மகள் ஒரு வாரம் நூல் நூற்க அடுத்த வீட்டுக்குப் போகிறாள். அந்த வீட்டுப் பையன் இங்கே வேலி கட்ட வருகிறான். பத்து நாள் படித்த பிறகு எனக்குச் சந்தேகம் வந்தது. பெயின்ட் நிறம் காட்டும் ஒரு அட்டையின் பின்பக்கத்தில் யாரிடம் என்ன இருந்தது என்று பென்சிலால் எழுதிப் பார்த்தேன். கலப்பை ஒரு வீட்டில். ஏர் மாடு வேறொரு வீட்டில். தறி மூன்றாவது வீட்டில். அண்டா வைத்திருந்த வீட்டில் கலப்பையும் இல்லை, தறியும் இல்லை. எல்லாச் சாமானும் உள்ள வீடு என்று ஒன்றுகூட அந்த அட்டையில் தேறவில்லை.

என்னுடைய ஐந்து மதிப்பெண் விவசாயி அங்கே இல்லவே இல்லை. அவன் துணியில் பாதி அடுத்த வீட்டுத் தறியில் நெய்தது. அவன் குடித்த தேநீர் அவன் மனைவி கடைந்த வெண்ணெயைக் கடைக்காரரிடம் கொடுத்து வாங்கியது; அதை அவன் தன் குறிப்பில் எழுதவே இல்லை, அவள் தன் குறிப்பில் எழுதியிருந்தாள். அவன் பிள்ளை பிறந்தபோது சுற்று வட்டாரப் பெண்கள் வந்து தங்கினார்கள். எல்லாரும் நல்லவர்கள் என்று சொல்ல வரவில்லை. அண்டாவைக் கழுவாமல் திருப்பிக் கொடுத்ததற்காக ஒரு குளிர்காலம் முழுக்கப் பேசாமல் இருந்த இரண்டு வீடுகளும் அதில் உண்டு. ஆனால் தனியாக ஒருவரும் இல்லை.

என்னை மிகவும் பிடித்து நிறுத்தியது பன்றி. குளிர் தொடங்கும்போது வீட்டுக்கு வீடு பன்றி அடிப்பார்கள். தொடைக்கறியை உப்பிலும் புகையிலும் போட்டு வைக்கலாம். ஈரலையும் விலாவையும் வைத்திருக்க முடியாது. அதனால் ஒரே வாரத்தில் எல்லாரும் அடிப்பதில்லை. இந்த வாரம் ஒரு வீடு, அடுத்த வாரம் இன்னொரு வீடு. அடித்த வீட்டிலிருந்து பச்சைக் கறி மற்ற வீடுகளுக்குப் போகும். இரண்டு மாதம் எல்லா வீட்டிலும் புதுக் கறி இருக்கும். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்த மாதிரித் தெரியவில்லை.

பதினோரு வருடம் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன் என்று மனைவியிடம் புலம்பினேன். கொடுத்த நாலரை மார்க்கை எல்லாரிடமும் போய்த் திருப்பி வாங்கப் போகிறேனா என்று கேட்டுவிட்டு அவள் ஷிப்டுக்குக் கிளம்பினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையிலேயே அவமானமாக இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பன்றிக் கணக்கை நான் வாய் பிளந்து படித்துக்கொண்டிருந்த அதே மாதங்களில் எங்கள் வீட்டு கராஜில் ஆடு பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

அதை ஆரம்பித்தவர் இரண்டு தெரு தள்ளி இருந்த யாழ்ப்பாணத்துக்காரர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். பாபடோயிட்டோய் பக்கம் ஒரு கிடங்கில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். ஊருக்கு வந்து ஒரு வருடம் கழித்து நாங்கள் இந்த வீட்டுக்கு மாறிவந்த அன்று எங்கள் வாஷிங் மெஷினை நானும் டிரைவரும் வழியிலேயே வைத்துவிட்டு முழித்துக்கொண்டு நின்றபோது, நடந்து போய்க்கொண்டிருந்தவர் உள்ளே வந்து ஒரு பக்கம் பிடித்தார். நான் அவரை அண்ணா என்று கூப்பிட்டேன். கல்லூரியில் பாடம் நடத்தியவன் என்று தெரிந்ததும் அவர் என்னை சேர் என்று கூப்பிட ஆரம்பித்தார்; நம் சார்தான் அவர்கள் பேச்சில் சேர். பெயின்ட் டப்பா தூக்குகிறவனை எதற்கு அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று தடுத்துப் பார்த்தேன், கேட்கவில்லை. ஆக்லாந்து முழுவதிலும் என்னை அப்படிக் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். உண்மையைச் சொன்னால் அது எனக்கு வேண்டியிருந்தது.

கடைக் கறி வாய்க்கு விளங்கவில்லை, முழு ஆடாக வாங்கிப் பங்கு போடலாம் என்றார். எங்கள் பக்கம் அதைக் கூறு போடுவது என்போம். அவர் கடைசி வரை பங்கு என்றார், நான் கூறு என்றேன், ஆடு ஒன்றுதான். மொத்தம் ஆறு வீடுகள். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலையில் நான் பாபடோயிட்டோயில் ஒரு கறிக்கடையிலிருந்து தோலுரித்த முழு ஆட்டை வாங்கி வருவேன். அவர் தன் கத்திகளைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வருவார். கடையிலேயே மெஷினில் வெட்டித் தருவார்கள்தான். ஆனால் மெஷின் எலும்பைத் தூளாக்கிவிடும், குழம்பு நறநறவென்று இருக்கும் என்று அவர் அதைத் தொடவிட மாட்டார்.

கூறு போடுவது சாதாரண வேலை இல்லை. ஒவ்வொரு கூறிலும் தொடை கொஞ்சம், விலா கொஞ்சம், கழுத்து, ஈரல், கொழுப்பு, நல்லி எலும்பு எல்லாம் இருக்க வேண்டும். அவர் தராசு வைத்துக்கொள்ளாமல் கண் மதிப்பிலேயே ஆறு குவியல் வைப்பார். பிறகு எது யாருக்கு என்பதில் பேச்சு வரக்கூடாது என்பதற்காக, ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்க வேண்டும். அவர் ஒரு குவியலில் கையை வைத்து "இது ஆருக்கு?" என்பார். திரும்பி நிற்பவர் ஏதாவது ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். சொன்னது சொன்னதுதான். கறியைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்பதால் சுவரைப் பார்த்து நிற்கும் வேலை நிரந்தரமாக எனக்கு வந்தது. இந்த ஊரில் எனக்கு முழுத் தகுதி இருந்த ஒரே வேலை.

பதினோரு மணிக்கு எல்லா வீட்டிலிருந்தும் பாத்திரத்தோடு வருவார்கள். கறியை வாங்கிக்கொண்டு உடனே யாரும் போனதில்லை. டீ வரும். ஒருவர் ஏணி கேட்பார், ஒருவருக்குக் கார் பேட்டரி உட்கார்ந்திருக்கும். எல்லாரும் தவறாமல் கேட்பது அண்ணாவின் டிரெயிலரை. பழைய கட்டில், வெட்டிய மரக்கிளை, வீடு மாற்றும் சாமான் எல்லாம் அதில்தான் போகும். டிரெயிலரோடு அவரும் வருவார். கயிறு கட்ட நம்மைவிட மாட்டார், நமக்குக் கட்டத் தெரியாது என்பது அவர் முடிவு.

போன வருடம் ஏப்ரலில் அவர் வேலை பார்த்த கிடங்கை மூடினார்கள். அவர் சொல்லவில்லை. அவர் மனைவி, நாங்கள் அக்கா என்று கூப்பிடுகிறவர், என் மனைவியிடம் சொன்னார். அன்று மாலைக்குள் மற்ற ஐந்து வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. எல்லாரும் நல்ல மனதோடுதான் நடந்துகொண்டோம். பார்க்கும்போதெல்லாம் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்டோம். வேலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை, கஷ்டப்படுவாரே என்று. பின்பக்கத்து வேலியோரச் செடிகளை வெட்டியபோது குப்பை கொண்டுபோக நான் பெட்ரோல் பங்கில் ஒரு டிரெயிலரை வாடகைக்கு எடுத்தேன். இந்த நேரத்தில் அவரைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்தேன். அதைப் பெரிய இங்கிதம் என்றே நினைத்தேன்.

மே மாத ஆட்டுக்கு அவர் வழக்கம்போல வந்து வெட்டினார். ஜூன் மாத ஆடு வந்தது. நான் யோசித்தேன். போன் செய்து கேட்டால், சரி என்று சொல்லி இல்லாத காசைக் கொடுப்பார்; இல்லையென்றால் வேண்டாம் என்று சொல்லி வெட்கப்படுவார். இரண்டும் வேண்டாம், கேட்காமலே விட்டுவிடலாம். மற்ற நாலு வீட்டுக்கும் சொன்னேன், அவர்களும் அதுதான் சரி என்றார்கள். ஒருவர் என்னைப் பாராட்டினார்கூட. வெட்டுகிறவர் இல்லாததால் கறிக்கடையிலேயே மெஷினில் வெட்டி, ஐந்தாகப் பிரித்துப் பைகளில் கட்டித் தரச் சொன்னேன்.

முதல் சனிக்கிழமை காலை. மழை தூறிக்கொண்டிருந்தது. கராஜ் தரையில் ஐந்து பைகள். நான் கதவைத் தூக்கிவிட்டுத் திரும்பும்போது அவர் உள்ளே வருகிறார். கக்கத்தில் துண்டில் சுருட்டிய கத்திகள். அவருக்குப் பின்னால் அக்கா, கையில் மூடி போட்ட அவர்களுடைய பெரிய பாத்திரம்.

அந்தக் கணம் வரைக்கும் எனக்கு உறைக்கவில்லை. இரண்டு வருடத்தில் ஒருமுறைகூட நான் அவரைப் போன் செய்து வரச் சொன்னதில்லை. முதல் சனிக்கிழமை என்றால் அவர் வருவார், அவ்வளவுதான். நான் கூப்பிடாமல் விட்டது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும்?

அவர் பைகளைப் பார்த்தார். ஐந்தை எண்ண நேரம் ஆகாது. அக்கா பாத்திரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, உடம்புக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அண்ணா, அது வந்து, நான் என்ன நினைத்தேன் என்றால் என்று. அவர் என்னை முடிக்க விடவில்லை.

"மெசினிலை வெட்டினதோ சேர்? எலும்புத் தூள் இருக்கும். நல்லாக் கழுவிப்போட்டுச் சமையுங்கோ."

சொல்லிவிட்டு இருவரும் மழையிலேயே நடந்து போனார்கள். டீ போட்டுக்கொண்டு வந்த என் மனைவி அவர்கள் எங்கே என்று கேட்டாள். சொன்னேன். அவள் டீத் தட்டைக் காரின் மேலேயே வைத்தாள்.

"அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? கேக்காம ஒரு பேஷன்ட்டோட சாப்பாட்டை நிறுத்தினா எங்க வார்டுல என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க."

நான் அவருடைய மரியாதையைக் காப்பாற்றத்தான் என்று ஆரம்பித்தேன். யாருடைய மரியாதையை என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அன்று அந்தக் கறியை இருவராலும் சாப்பிட முடியவில்லை. அது நறநறத்தது வேறு விஷயம்.

மறுநாள் எங்கள் பங்கில் பாதியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். செய்த முட்டாள்தனம் போதாதென்று இது வேறு. அக்காதான் கதவைத் திறந்தார். மரியாதையாக உட்காரச் சொன்னார், பிளேன்டீ கொடுத்தார். இப்போது வீட்டில் மச்சம், அதாவது கறி மீன், குறைத்துவிட்டோம், ஃப்ரீசரிலும் இடமில்லை என்றார். அவர் எங்கே என்று கேட்டேன், வெளியில் போயிருக்கிறார் என்றார். அவருடைய கார் வாசலில் நின்றது. பையைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

அதன்பின் ஜூன் முழுவதும் அவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. கடையில் நிறம் கலக்கும்போது இரண்டு முறை தப்பாகக் கலந்தேன். அவரை நான் இழந்துவிடுவேன் என்று பயமாக இருந்தது. இந்த வயதில் ஒரு நண்பன் கிடைப்பது எவ்வளவு அரிது என்பது எனக்குத் தெரியும். இங்கே வந்த முதல் வருடம் மனைவியைத் தவிர யாரிடமும் நான் தமிழில் சிரித்ததில்லை.

அந்த நாட்களில் புத்தகத்தைத் திரும்ப எடுத்தேன். அதில் ஒரு விவசாயிக்கு வைக்கோல் அறுக்கும் சமயத்தில் கால் ஒடிந்துவிடுகிறது. அக்கம்பக்கத்தார் வந்து அவனுடைய புல்வெளியை அறுத்துக் கொடுக்கிறார்கள். முதல் தடவை படித்தபோது எனக்கு இது மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது. ஆபத்தில் உதவி என்று ஓரத்தில் குறித்தும் வைத்திருந்தேன், வாத்தியார் புத்தி. இப்போது படித்தபோது அந்த வாரங்களின் மற்ற வரிகள் கண்ணில் பட்டன. அவன் படுத்துக் கிடக்கும்போதே ஒருவர் வந்து அவன் வண்டியைக் கேட்டு வாங்கிப் போகிறார். ஒருவர் சாணைக்கல்லைக் கேட்கிறார். ஒருவர் தன் பசுவை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று கேட்க வருகிறார். அவனுடைய பையன்களை ஒரு வீட்டுக்கு வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். அவன் மனைவியிடம் வெண்ணெய் கடையும் மத்தைக் கேட்டு ஆள் வருகிறது. முதலில் இதெல்லாம் எனக்கு நாகரிகமில்லாததாகப் பட்டது. கால் ஒடிந்து கிடக்கிறவனிடமா போய்ச் சாணைக்கல் கேட்பார்கள்? கேட்டிருக்கிறார்கள். கேட்பதை நிறுத்தவே இல்லை.

ஜூலை முதல் சனிக்கிழமை ஆட்டை வெட்டாமல் முழுதாக வாங்கினேன். யாரிடமும் சொல்லவில்லை. அதைக் கார் டிக்கியில் போட்டுக்கொண்டு நேராக அவர் வீட்டு வாசலில் போய் நின்றேன். இந்தத் தடவை அவரே கதவைத் திறந்தார்.

அண்ணா, ஆடு முழுசாகக் கிடக்கிறது, எனக்கு வெட்டத் தெரியாது, வாருங்கள் என்றேன். ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. அவர் டிக்கியை எட்டிப் பார்த்தார். எத்தனை பங்கு என்றார். ஆறு என்றேன். தன் வீட்டு கராஜையே திறந்தார்.

உள்ளே அட்டைப் பெட்டிகள். அடுக்கி, டேப் ஒட்டி, மார்க்கரால் எழுதி வைத்திருந்தது. சமையல் சாமான், படுக்கை, பிள்ளைகளின் புத்தகம். நடுவில் இருந்த பெட்டிகளைக் காலால் தள்ளி இடம் செய்து, பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, வேலையை ஆரம்பித்தார். அக்காவின் தம்பி பிரிஸ்பேனில் இருக்கிறார், அங்கே ஒரு வேலை பார்த்து வைத்திருக்கிறார், இன்னும் இரண்டு வாரத்தில் கிளம்புகிறோம் என்று வெட்டிக்கொண்டே சொன்னார். குரலில் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குத் தாங்கிக்கொள்ளச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் ஆட்டின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜூனில் செய்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். அவர் தொடையைப் பிரித்து வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஆட்டிறைச்சி பெரிய காரியமில்லை சேர். வேலை போகமுந்தி ஒரு நாளைக்கு நாலு போன் கோல் வரும், டிரெயிலர் தாங்கோ, ஃபிரிட்ஜ் தூக்க வாங்கோ எண்டு. வேலை போனாப்பிறகு ஒருத்தரும் ஒண்டும் கேக்கேல்லை. என்ன செய்து தரட்டும் எண்டு மட்டும்தான் கேட்டவை. என்னட்டை ஒண்டும் கேக்காத ஆக்களிட்டை நான் போய் எப்பிடிக் கேக்கிறது, ஒரு வேலை இருந்தாச் சொல்லுங்கோ எண்டு?"

 நான் அவரிடம் சொல்லாத ஒன்று இருந்தது. எங்கள் கடையின் மரக்கட்டைப் பிரிவுக்கு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டத் தெரிந்த ஆள் தேவை என்ற அறிவிப்பு மே மாதம் முழுவதும் சாப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டியிருந்தது. அதன் கீழே உட்கார்ந்துதான் நான் அந்தப் புத்தகத்தைப் படித்தேன். அதை நான் பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பார்த்தேன். அவரை நினைத்தேன். நானாகப் போய்ச் சொன்னால் பரிதாபப்படுகிறேன் என்று எடுத்துக்கொள்வார், அவர் வாயால் கேட்டால் சொல்லலாம் என்று தள்ளிப் போட்டேன். அவர் கேட்பதற்காக நான் காத்திருந்தேன்.

இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் இன்னொரு முறை அவருக்காக நானே முடிவு செய்ய எனக்குத் தைரியம் இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தியை நிறுத்தினார்.

"அந்த வேலை இப்பவும் இருக்கோ?"

இல்லை, ஜூன் நடுவில் ஆள் எடுத்துவிட்டார்கள் என்றேன். ம் என்றார். பிறகு விலாவை வெட்டத் தொடங்கினார். நான் சுவர்ப் பக்கம் போய் நின்றேன், யாரும் சொல்லாமலே. அங்கே ஒரு பெட்டியில் சாமிப் படங்கள் என்று எழுதியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு, அவர் கேட்கக் கேட்க, ஆறு வீட்டையும் சொன்னேன்.  

அவர்கள் போன பிறகு எங்கள் ஆடு இரண்டே மாதத்தில் நின்றுவிட்டது. நான் கற்றுக்கொண்டு வெட்டிப் பார்த்தேன். இரண்டாவது முறையே ஈரல் யாருக்குக் குறைந்தது என்று பேச்சு வந்தது. பிரிஸ்பேனுக்கு நான் மூன்று முறை போன் செய்தேன். நன்றாக இருக்கிறோம், வெயில் அதிகம், ஓம், ஓம் என்று மரியாதையாகப் பேசி வைத்துவிடுவார். சேர் என்ற சொல் அதில் இருந்தது, ஆனால் யாரிடமும் பேசுகிற மாதிரி இருந்தது. ஏதாவது வேண்டுமா என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன். இனி அவரிடமிருந்து பண்டிகை வாழ்த்து மட்டும்தான் வரும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே கூப்பிட்டார். நலம் விசாரிக்கவில்லை. அங்கே ஒரு நிரந்தர வேலை வந்திருக்கிறது, பழைய இடத்துச் சூப்பர்வைசரிடமிருந்து கையெழுத்துப் போட்ட கடிதம் கேட்கிறார்கள், அந்த ஆள் போனை எடுக்கிறாரில்லை, இப்போது விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு கிடங்கில் இருக்கிறாராம், எது என்று தெரியாது என்றார்.

"சேர், நீங்கள் ஒருக்காப் போய் அவரைப் பிடிச்சு வாங்கி அனுப்பவேணும். வெள்ளிக்கு முதல் வேணும். உங்களை விட்டா அங்கை எனக்கு ஆர் இருக்கினம்?"

ஓம் என்றேன். போனை வைத்த பிறகுதான் நான் அவரைப் போலச் சொன்னது தெரிந்தது. சமையலறைக்குப் போய் மனைவியிடம், அண்ணா என்னிடம் ஒரு வேலை சொல்லியிருக்கிறார் என்றேன். அதற்கு ஏன் கண்ணைத் துடைக்கிறீர்கள் என்று அவள் கேட்டாள். மறுநாள் கடைக்கு லீவு சொல்லிவிட்டு, காலை ஏழு மணிக்கே கிளம்பி, விமான நிலையத்துப் பக்கம் உள்ள கிடங்குகளில் ஒவ்வொன்றாக ஏறி இறங்க ஆரம்பித்தேன்.